பிரிச்சுப் பாத்தியா?

ஊறிய பட்டர் பீன்ஸுக்கு ஒரு வாசனை உண்டு. ஈரத்துணியும் பச்சைப்புல்லும் கலந்த மாதிரி, மழை விட்ட காட்டு ஓரத்தில் நிற்கிற மாதிரி. திண்டுக்கல் வெயிலில், என் சமையலறையில், காலையில் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் அது எழுந்து வந்து முகத்தில் படும். ஒரு பருப்பை எடுத்து விரலால் அழுத்துவேன். தோல் வழுக்கிக் கழன்று வரும். இரண்டாகப் பிளந்தால், உள்ளே ஓரமாக, கொசு இறகு அளவில் மடங்கிக் கிடக்கும் இரண்டு இலைகள். குக்கர் காத்திருக்கும். ஆபீசுக்கு நேரமாகியிருக்கும். இருந்தாலும் ஒன்றையாவது பிளந்து பார்க்காமல் என்னால் அடுப்பில் ஏற்ற முடிவதில்லை. ஒன்பது வருடமாக இந்தப் பழக்கம். கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் கவுஞ்சியில் ஒருத்தியிடமிருந்து தொற்றிக்கொண்டது.

அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவள் பால்வாடி ஆயா. எனக்கு அக்கா.

நான் அப்போது கவுஞ்சியில் கிளை அஞ்சலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அறை, ஒரு மேசை, ஒரு முத்திரைக்கட்டை, பனிக்காலத்தில் பசையில்லாமல் தானே ஒட்டிக்கொள்ளும் கவர்கள். கொடைக்கானல் பஸ்ஸில் தபால் பை வரும். வந்ததைப் பிரிப்பேன், போவதைக் கட்டுவேன். பையைத் தவிர வேறெதையும் பிரிக்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். ஒட்டியது ஒட்டியபடியே கை மாற வேண்டும். அது எனக்கு வசதியாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். மூடியிருப்பதை மூடியபடி விட்டுவிடுகிறவள்.

அவளுக்கு மூடியிருப்பது எதுவும் ஆகாது. பால்வாடி குக்கர் விசில் அடிக்கவில்லையென்றால் கழற்றி ஊதிப் பார்ப்பாள். குடை மக்கர் செய்தால் கம்பி கம்பியாகப் பிரித்துத் தரையில் பரப்புவாள். திரும்பப் பூட்டும்போது ஒரு கம்பி மிஞ்சும். சத்துமாவுப் பாக்கெட்டைப் பிரித்து, முகர்ந்து, தன் நாக்கில் வைத்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கிண்டுவாள். ஒரு பிள்ளை காலையிலிருந்து அழுதுகொண்டே இருந்தது. கண்ணு பட்டிருக்கும் என்று அதன் அம்மா மிளகாய் தேடப் போனாள். அக்கா பிள்ளையின் காலுறையைக் கழற்றி உதறினாள். கட்டெறும்பு ஒன்று விழுந்தது. "இந்தா, கண்ணு விழுந்துருச்சு. மிளகாய கொழம்புல போடு."

எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து ஒரே கேள்விதான் திரும்பி வரும். "பிரிச்சுப் பாத்தியா?"

"அக்கா, மழை வரும் போல இருக்கு."

"மேகத்தப் பிரிச்சுப் பாத்தியா? போ, போயி சோலியப் பாரு."

இன்னொன்றும் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவுஞ்சியில் மதியமே பனி இறங்கிவிடும். எதிர்த் தட்டு வயலில் பூண்டுக்குக் களையெடுக்கிறவர்கள் பாதி உடம்புக்குமேல் தெரியமாட்டார்கள். ஊரே ஸ்வெட்டரும் மப்ளருமாகச் சுருண்டு கிடக்கும். அவள் மட்டும் ஸ்வெட்டர் போடமாட்டாள். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று கழுத்து சிவக்கும், நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கும். கையில் இருப்பதை எடுத்து விசிறிக்கொள்வாள். "எனக்குள்ள ஒரு அடுப்பு எரியுது புள்ள. குளிர்ற ஆளுக எல்லாம் வாங்க, வந்து காஞ்சுக்கங்க" என்பாள். ஊர் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

பால்வாடி டீச்சர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார் என்று பேச்சு வந்தபோதுதான் அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பத்தாவது தேறியிருந்தால் ஆயா அந்த இடத்துக்கு வரலாம். தேறாவிட்டால் வேறு யாரோ ஒரு புதுப்பெண் டீச்சராக வருவாள், அக்கா அவளுக்கும் ஆயாவாகவே இருப்பாள். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்று. என்னைவிட ஒன்பது வயது மூப்பு.

"ஆயாவுக்கும் டீச்சருக்கும் என்னக்கா வித்தியாசம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆயா புள்ளைகளக் கழுவி விடணும். டீச்சரு, கழுவி விட்டாச்சுன்னு நோட்டுல எழுதணும். பதினாலு வருசமா ரெண்டையும் நாந்தான் செய்யுறேன். கையெழுத்து மட்டும் அவுங்களுது."

தனித்தேர்வராகப் போய்த் தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சமூக அறிவியல் நான்கையும் ஒரே மூச்சில் தாண்டிவிட்டாள். அறிவியல் மட்டும் போய்விட்டது. அதிலும் அவளைக் கவிழ்த்தது உயிரியல். அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "செடியும் ஒடம்புந்தான் என் பொழப்பே. அதுலயா என்னயக் கவுத்துவான்?"

அடுத்த பரீட்சைக்கு இரண்டரை மாதம் இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் மூன்று மணிக்கு அஞ்சலகத்துக்கு வந்து, மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு. அந்தப் புத்தகம் புகை நாறும். மேல்மலையில் விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் காயவைப்பார்கள். பனியில் புத்தகம் பூசணம் பூக்கிறது என்று அவள் உயிரியலையும் கயிற்றில் கட்டிப் பூண்டோடு தொங்கவிட்டிருந்தாள். பக்கங்கள் தேயிலைச் சாயமேறிப்போய், திறந்தால் யாரோ ரசம் தாளித்த மாதிரி இருக்கும்.

"உருளைக்கிழங்கு எதன் மாற்றுரு?"

"வேரு."

"தண்டுக்கா. தரைகீழ்த் தண்டு."

"ஏ, மண்ணுக்குள்ள கெடக்குறது எப்பிடித் தண்டாகும்? இருவது வருசம் நட்டு இருவது வருசம் தோண்டியிருக்கேன். ஒம் புத்தகக்காரன் எத்தன கெழங்கு தோண்டியிருக்கான்?"

மறுநாள் ஒரு கிழங்கைக் கொண்டுவந்து என் ஜன்னலில் வைத்தாள். பத்து நாளில் அது பச்சையாகி, கண்ணுக்குக் கண் முளைவிட்டது. கேரட் ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தாள். அதன் தலையில் மட்டும் துளிர்த்தது. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் வெகுநேரம் நின்றாள். "கண்ணு இருக்குறது தண்டு. கண்ணு இல்லாதது வேரு" என்றாள் கடைசியில். "இத்தன நாளும் எது தண்டு எது வேருன்னு தெரியாம வித்திருக்கேன் பாரு." அதன் பிறகு அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. அவள்தான் ஊரில் எல்லாரையும் கேட்டாள்.

ஓடைக்கரையிலிருந்து வெள்ளைக் காசித்தும்பையை ஒடித்து வந்து என் மைப்புட்டியில் நிறுத்தினாள். நீர் எந்த வழியாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி போன்ற தண்டுக்குள் நீலக் கோடுகள் ஏறின. மாலைக்குள் வெள்ளைப் பூவில் நீல நரம்பு ஓடியது. தண்டைப் பிளந்து, நகத்தால் அந்த நீல நூலை உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா, சைலம்." பட்டம் வாங்கியவள் நான். அந்தச் சொல்லை அன்றுதான் கையில் தொட்டேன். அன்றைக்கு என் மை தீர்ந்துபோய், படிவங்களைப் பென்சிலில் எழுதினேன்.

பிறகு இதயம். போன தடவை எப்படி எழுதினாய் என்று வரைந்து காட்டச் சொன்னேன். வரைந்தாள். நான்கு அறைகள் இருந்தன, வால்வுகள் இருந்தன. ஆனால் படத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டிருந்தாள். அந்தக் கோட்டுக்கு ஒரு அம்புக்குறி. அம்புக்குறிக்கு எதிரே பெயரில்லை.

"இது என்னக்கா?"

"பேரு தெரியல. ஆனா இருக்கும். சந்தையில ஆட்டு இருதயம் வாங்கி வந்து வீட்டுல பிளந்து பாத்துட்டுத்தான் பரீச்சைக்குப் போனேன்."

"புத்தகத்துல இல்லையே."

"புத்தகக்காரன் ஆட்டப் பாத்திருக்க மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொடைக்கானல் சந்தைக்குப் போனோம். கறிக்கடை பாய் அவளுக்குத் தெரிந்தவர்தான்.

"இருதயம் ஒண்ணு வேணும் பாய். முழுசா. அதுல நடுவுல ஒரு கோடு ஓடும்ல, அதுக்குப் பேரு என்ன?"

பாய் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். "அது நான் போடுற கீறலும்மா! உள்ள கட்டிக் கெடக்குற ரத்தம் போகணும்ல? கீறி, ஒரு உதறு உதறித்தான் கொக்கியில மாட்டுவேன். அது கத்தியோட கோடு. ஆட்டோட கோடு இல்ல."

அக்கா கொக்கியில் தொங்கியவற்றைப் பார்த்தாள். "அப்ப கத்தி படாததா ஒண்ணு குடுங்க."

"கத்தி படாத ஆட்டுக்கு நான் எங்கம்மா போவேன்?" கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "யாருக்கு? வைத்தியத்துக்கா?"

"பரீச்சைக்கு."

"எம்மகளும் பத்தாவதுதான். அவ இப்பிடியெல்லாம் கேக்கலையே."

"அது பாஸாகுற புள்ள பாய். நான் ஒரு வாட்டி போனவ."

உள்ளே போய், கீறாத ஒன்றை இலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மன்னவனூர் இறக்கத்தில்தான் சொன்னாள், ஜன்னலைப் பார்த்தபடி: "கத்தி போட்ட கோட்டையும் பொறந்ததுலேருந்து இருக்குன்னு நெனச்சு வரஞ்சுட்டேன் பாரேன்."

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தப் பாடத்துக்கு வந்தோம். மனித இனப்பெருக்கம். கொடைக்கானலில் வார இறுதியில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அதை மட்டும் வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிவிட்டாராம். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு படித்தேன். அவள் தாழ்த்தவில்லை. "அண்டகம் ரெண்டு, அண்டநாளம் ரெண்டு, கருப்பை ஒண்ணு" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தபோது பென்ஷன் விசாரிக்க ஒரு பெரியவர் உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பாடம் ஓடுது இங்க?"

"ஒங்க அம்மா ஒங்களச் சொமந்த எடம் சித்தப்பா. ஒக்காருங்க, தெரிஞ்சுக்கங்க."

பெரியவர் பென்ஷனை மறந்து திரும்பிப் போனார். நான் சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்தேன். நிமிர்ந்தபோது அவள் சிரிக்கவில்லை. படத்தின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"எனக்கு இதை எடுத்துட்டாங்க புள்ள. முப்பத்தொரு வயசுல. ரத்தம் நிக்காமப் போச்சு. மலைக்குக் கீழ ஒரு ஆஸ்பத்திரியில போயி எடுத்தோம்."

அவள் விரல் படத்திலேயே இருந்தது.

"எத எத எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. கேட்டேன். வேண்டாதத எடுத்துட்டோம், நிம்மதியா இருங்கம்மான்னாங்க. பாத்திரத்துல வச்சு எங்க வீட்டுக்காரருகிட்டக் காட்டியிருக்காங்க. அவரு பயந்து கண்ண மூடிக்கிட்டாராம். எங்கிட்டக் காட்டியிருந்தா நான் மூடியிருக்க மாட்டேன்."

விரல் படத்தில் ஒவ்வொன்றாக நகர்ந்தது. கருப்பை. நாளம். அண்டகம்.

"எது போச்சு, எது கெடக்குன்னு தெரிஞ்சாத்தான் இந்தப் படம் எனக்கு மனசுல நிக்கும்."

மறுநாள் வெள்ளனே வந்துவிட்டாள். பையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதுவும் பூண்டோடு தொங்கியதுதான். உள்ளே ஆஸ்பத்திரிச் சீட்டு பழுப்பேறியிருந்தது. எல்லாம் ஆங்கிலம். நடுவில், என்ன செய்தார்கள் என்ற இடத்தில், வெறும் சில சுருக்க எழுத்துகள்.

"இதுல என்ன போட்டிருக்கு? படிச்சுச் சொல்லு."

எனக்கும் புரியவில்லை. சாயங்காலம் ஊருக்கு வெளியே தைலமரத்து மேட்டுக்கு ஏறினேன். அங்கேதான் போனுக்கு சிக்னல். அந்த எழுத்துகளைத் தட்டித் தேடினேன். கருப்பை மட்டுமல்ல. இரண்டு நாளங்களும் இரண்டு அண்டகங்களும். எல்லாம். பனி கீழே பள்ளத்தாக்கை நிரப்பிக்கொண்டிருந்தது. அவள் நெற்றியின் வியர்வை, கழுத்தில் ஏறும் சிவப்பு, மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது, விசிறிக்கொள்ளும் உயிரியல் புத்தகம், ஊர் சிரித்த அந்த அடுப்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. அண்டகம் போனால் அது சுரக்கும் ஹார்மோனும் நின்றுவிடும், அந்தச் சூடு அதனால்தான் இருக்க வேண்டும். அந்தப் புத்தகத்திலேயே அது எழுதியிருந்தது. எந்த உறுப்பு எந்த ஹார்மோனைச் சுரக்கிறது என்று நானே பத்துத் தடவை அவளைக் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மூன்று மணிக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"கையெழுத்து சரியாத் தெரியலக்கா," என்றேன். "கருப்பைய எடுத்தது மட்டும் தெரியுது. பரீட்சை முடியட்டும், யாராவது டாக்டர்கிட்டக் காட்டலாம்."

"சரி."

அவ்வளவுதான். பிரிச்சுப் பாத்தியா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. என்னை நம்பினாள். சீட்டு என் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டது.

பரீட்சை முடிந்து அடுத்த நாள் வந்து, எல்லாவற்றையும் ஒப்பித்தாள். இதயம் வரவில்லையாம். "இத்தன பாடுபட்டு அந்த ஆடு செத்ததுதான் மிச்சம்." அந்தப் படம் வந்ததாம். பாகங்களைக் குறித்து வரையச் சொல்லியிருந்தார்களாம். அண்டகத்தின் வேலை என்ன என்றும் கேட்டிருந்தார்களாம். "ஹால்ல எல்லாரும் என்னயத் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க, பூண்டு வாசனை எங்கேருந்து வருதுன்னு. நான் பாட்டுக்கு வரஞ்சேன். ஒண்ணையும் விடல. எங்கிட்ட இருக்குறது இல்லாதது எல்லாத்தையும் போட்டேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் முத்திரைக்கட்டையை எடுத்து, ஏற்கெனவே குத்திய ஒரு கவரில் மறுபடியும் குத்தினேன்.

அப்போது சொல்லவில்லை. ரிசல்ட் வரட்டும் என்று நினைத்தேன். ரிசல்ட் வந்தது. தைலமரத்து மேட்டில் நான்தான் பார்த்தேன். கீழே நின்றவளுக்குக் கையை ஆட்டிக் கத்தினேன். அவள் அங்கேயே, கேரட் கழுவிக்கொண்டிருந்த தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டாள். இந்தச் சந்தோஷத்தில் போய் எதற்கு என்று தள்ளிப்போட்டேன். பிறகு டீச்சர் ஆர்டர் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஆர்டரும் வந்தது. முதல் நாள் அவள் நோட்டில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தள்ளிப்போட எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல நாள் கிடைத்துக்கொண்டே இருந்தது.

நான் கேட்டிருந்த இடமாற்றம் அந்தக் கார்த்திகையில் வந்தது. திண்டுக்கல்.

கிளம்பும் அன்று இழுப்பறையைக் காலி செய்தேன். சீட்டை ஒரு காக்கிக் கவரில் போட்டேன். கூடவே ஒரு வெள்ளைத்தாளில், அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம், வேர்ப்பதற்கும் மூட்டு வலிக்கும் அதுதான் காரணமாக இருக்கலாம், திண்டுக்கல் வந்தால் நான் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று தமிழில் எழுதி வைத்தேன். பசை தடவி ஒட்டினேன். வாயால் சொல்ல வேண்டியதை ஒட்டிக் கொடுப்பதுதானே என் வேலை.

பஸ் நின்றிருந்தது. அவள் ஒரு பை பட்டர் பீன்ஸோடு வந்தாள், ஸ்வெட்டரில்லாமல், பனி அவள் தலைமுடியில் பொடிப்பொடியாக உட்கார்ந்திருந்தது. நான் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்து, கவரை நீட்டினேன்.

"என்னது?"

"ஒங்க ஆஸ்பத்திரிச் சீட்டுக்கா. வீட்டுக்குப் போயி..."

முடிக்கவில்லை. ஓரத்தைக் கிழித்துவிட்டாள். வெள்ளைத்தாளை எடுத்து, பஸ் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, உதடு அசையப் படித்தாள். கருப்பை. அண்டநாளம் இரண்டு. அண்டகம் இரண்டு. பரீட்சையில் குறித்த அதே வரிசை. ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். கழுத்தில் சிவப்பு ஏறியது. அந்தத் தாளாலேயே விசிறிக்கொண்டாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க குடுத்த அன்னைக்கு சாயங்காலமே."

டிரைவர் ஏறிக் கதவைச் சாத்தினார். பஸ் உறுமியது. "பரீட்சை கெட்டுரக் கூடாதுன்னுதான்க்கா..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, பீன்ஸ் பையை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தாள். என் கையைப் பிடித்தாள். சூடான கை. பஸ் நகர நகர நாலு எட்டு கூடவே நடந்து வந்தாள்.

"இனி எவளாச்சும் ஒங்கிட்ட ஒரு சீட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னா, அன்னைக்கே படிச்சுச் சொல்லிப்புடு புள்ள. பரீச்சைய இன்னொரு வாட்டிகூட எழுதிக்கலாம்."